மடித்த தாள் ஓடிய ஏழு நாள்

ஜூலை 5, சனி

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட நோட்டுதான். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் உட்கார மாட்டேன் என்கின்றன. சில மேலே ஏறி நிற்கின்றன, சில கீழே இறங்கிப் படுத்துக்கொள்கின்றன. ஐம்பது வருஷம் தீப்பெட்டி பண்டல் தூக்கிய கை இது. பேனாவையும் பண்டல் மாதிரியே பிடிக்கிறது. "அய்யா, பேனா எங்கயும் ஓடிப் போகாது, மெதுவாப் பிடிங்க" என்கிறார் ஜெபமணி டீச்சர். இந்தப் பக்கத்தைக் காலைக் காப்பி குடித்ததும் ஆரம்பித்தேன். இப்போது வெயில் வாசலுக்கு வந்துவிட்டது.

என் பெயர் அய்யாத்துரை. வயது எழுபத்திரண்டு. ஊர் கோவில்பட்டி. மகள் இசக்கியோடு இருக்கிறேன். என் மனைவி சண்முகக்கனி போன வருஷம் பங்குனியில் இறந்துவிட்டாள். ஆறு மாதமாக முதியோர் வகுப்பில் படிக்கிறேன். வாரம் ஒரு பக்கமாவது நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம்.

எழுத்து தெரிந்ததும் ஊரே புதிதாகிவிட்டது. சுவர்கள் எல்லாம் பேசுகின்றன. நான் வேலை பார்த்த தீப்பெட்டி டிப்போவின் பின்சுவரில் பெரிதாக ஏதோ எழுதியிருக்கும். ஏதோ கட்சிக்காரர்கள் எழுதியது என்று இருந்தேன். போன வாரம்தான் வாசித்தேன். "இங்கே சிறுநீர் கழிக்காதீர்." இருபது வருஷமாக அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை. வாசித்துவிட்டு நடுரோட்டில் நின்று சிரித்தேன்.

சந்தேகமும் கூடிவிட்டது. மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிறேன். கண்டக்டர் ஊர் பெயரைக் கூவினாலும் நம்புவதில்லை, முன்னால் போய்ப் போர்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். "யப்பா, ஒங்கள ஏமாத்தத்தான் எல்லாரும் காலையில எந்திரிக்காகளா?" என்கிறாள் இசக்கி. கல்யாணத்துக்கு முந்தி ஒரு தாளில் கைநாட்டு வைத்தேன். கிணற்றோடு இருந்த நிலம் போய்விட்டது. சந்தேகம் எனக்குச் சும்மா வந்ததில்லை.

நான் எழுதப் படிக்க வந்ததே இன்னொரு தாளுக்காகத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலிலிருந்து பெனிட்டா என்ற பெண் ஒரு வேனில் பத்துப் பேரோடு வந்து, எங்கள் வீட்டில் பத்தொன்பது நாள் சினிமா எடுத்தாள். வசதியில்லாத சினிமாக்காரர்கள். சண்முகக்கனி வடித்துப் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு எங்கள் தரையிலேயே படுத்துக்கொண்டார்கள். போகும்போது ஒரு தாளை நீட்டினாள். கைநாட்டு வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அது எங்கயோ போச்சுப்பா" என்கிறாள் இசக்கி. இந்த வீட்டில் உடைந்த கொண்டை ஊசிகூடத் தொலைந்து போகாது.

ஜூலை 8, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன போஸ்டர். பாதியை ஒரு பெரிய ஹீரோவின் முழங்கை மறைத்திருந்தது. மிச்சத்தில் ஒரு பச்சை ஜன்னல். எங்கள் வீட்டு ஜன்னல். இரண்டாவது கம்பி வளைந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்தேன். எழுத்துக் கூட்டிப் படத்தின் பெயரையும் வாசித்தேன். "மடித்த தாள்." வெள்ளி முதல். பகல் 11.30 காட்சி மட்டும்.

என் மச்சினன் பேச்சிமுத்து டீக்கடையில் இருந்தான். சண்முகக்கனியின் தம்பி. அவனிடம் சொன்னேன்.

"அத்தான், அது டப்பா படம். ஒரு பாட்டு கெடையாது, ஒரு சண்ட கெடையாது. அதுக்குப் போயி ஒக்காந்தா முதுகு வலிதான் மிச்சம்."

"நீ பாத்துட்டியா மாப்ள?"

"இன்னும் வரவே இல்லையே, நான் எங்க பாத்தேன்."

"பாக்காமலே பாட்டு கெடையாதுன்னு எப்படிச் சொல்லுத?"

அவன் டீ கிளாசுக்குள் பார்த்தான். அதில் டீ இல்லை.

ஜூலை 9, புதன்

பேச்சிமுத்து வந்தான். அடுப்படியில் அவனும் இசக்கியும் குசுகுசுவென்று பேசினார்கள். நான் போனதும் கத்தரிக்காய் பற்றிப் பேசினார்கள். இன்று வீட்டில் கத்தரிக்காயே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

வகுப்புத் தோழரைப் பார்க்கப் போகிறேன் என்று இசக்கியிடம் சொல்லிவிட்டுத் தியேட்டருக்குப் போனேன். பொய்தான். அவர்கள் கத்தரிக்காய் சொன்னார்கள், நான் தோழர் சொன்னேன்.

மொத்தம் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் குளுகுளு காற்றுக்காக வந்து படுத்தவர்கள். படத்தின் பெயர் திரையில் வந்தது. "மடித்த" வரைக்கும் வாசித்தேன். "தாள்" போய்விட்டது.

அவர்கள் எங்களிடமிருந்து எதை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்கெடுக்கத்தான் போனேன். ஜன்னல். பித்தளைக் குடம். என் சட்டையை மாட்டும் ஆணி. அந்த ஆணியில் யாரோ ஒரு நடிகன் தன் சட்டையை மாட்டுகிறான். சண்முகக்கனியாக நடித்த பெண், ஈரக் கையை முந்தானையில் இரண்டு தடவை துடைக்கிறாள், முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை. அது சண்முகக்கனியின் துடைப்பு. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கணவன் வேலைக்குப் போகிறான். அவள் வீட்டில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள். கடையிலிருந்து பருப்போ சீரகமோ வந்தால், பொட்டலத்தைப் பிரித்துச் சாமானைக் கொட்டிவிட்டுத் தாளைத் தொடையில் வைத்து நீவுகிறாள். உதடு முணுமுணுக்கிறது. சாமி பேரைச் சொல்கிறாள். சண்முகக்கனியும் அப்படித்தான், தனியாக இருந்தால் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பக்தி அதிகம் அவளுக்கு. கணவன் வரும் சத்தம் கேட்டதும் தாளை மடித்து ஒரு டின்னுக்குள் போடுகிறாள்.

அப்புறம் அந்த இடம் வந்தது. கணவன் அவள் மடியில் ஒரு புத்தகத்தைப் பார்க்கிறான். பிடுங்கி அடுப்பில் போடுகிறான். அவள் அழவில்லை. உலைப்பானையைத் தூக்கி அந்த அடுப்பிலேயே வைக்கிறாள். அந்தத் தீயில் சோறு வேகிறது. ரொம்ப நேரம் அதையே காட்டுகிறார்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. சோறு கொதிக்கிற சத்தம் மட்டும்.

நான் அப்படிச் செய்தவன் இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

கடைசியில் யாரும் சாகவில்லை. கணவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், அவள் உள்ளே அந்த டின்னோடு உட்கார்ந்திருக்கிறாள். படம் முடிந்துவிட்டது. இதுவா முடிவு?

ஜூலை 12, சனி

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் அருளப்பனிடம் போனேன். எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"ஒங்க வீடு. ஒங்க சம்சாரம் கத. அடுப்புல புஸ்தகத்தப் போடுத காட்டுமிராண்டின்னு ஒங்களக் காட்டியிருக்காக. மானநஷ்டம் அண்ணாச்சி. போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்தா படத்த நிப்பாட்டிப்புடலாம். இங்க ஒரு கைநாட்டு வைங்க."

"கைநாட்டு இல்ல. கையெழுத்து."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அட. அப்பம் போடுங்க."

பேனாவை வாங்கினேன். வகுப்பு நோட்டைத் தவிர நான் எங்கும் கையெழுத்துப் போட்டதில்லை. இதுதான் முதல் கையெழுத்தாக இருக்கும். ஆனால் மனுவில் என்ன எழுதியிருக்கிறதோ. வாசிக்காமல் போடமாட்டேன் என்றேன்.

"ரெண்டு பக்கம். வாசிங்க, நான் டீ குடிச்சிட்டு வாரேன்."

அவர் இரண்டு டீ குடித்துவிட்டு வரும்போது நான் மூன்றாவது வரியில் இருந்தேன். வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மனுவில் எழுதியிருப்பது சரிதானா என்று பார்க்க மறுபடியும் போனேன். பதினான்கு பேர்.

எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மா. சோறு கொதிக்கும் இடத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதார். சினிமாக்காரர்கள் ஆள் வைத்து அழவிடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். முடிந்ததும் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"தாயி, எதுக்கு அழுதீக?"

"தெரியல அண்ணாச்சி. நீங்க அழலையா?"

"எனக்கு அழுக வரல."

"அந்தப் பொம்பள அழுதிருந்தா எனக்கும் வந்திருக்காது. அவ அழாம உலைய வச்சா பாருங்க. அப்பம் யாராவது அழணும்ல."

யோசித்துக்கொண்டே நடந்தேன். பெரிய படங்களில் அழ வேண்டிய இடம் வந்தால் வயலினை விட்டுச் சொல்லிவிடுவார்கள். எழுதத் தெரியாதவனுக்குக் கையைப் பிடித்துக் கைநாட்டு வைக்கிற மாதிரி. இந்தப் பெண் பெனிட்டா கையைப் பிடிக்கவில்லை. சோற்றைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டாள். ஏழைப் படம்தான். வயலினுக்குக் காசில்லாமல் கூட இருக்கலாம்.

ஒரு விஷயம் இன்று கவனித்தேன். புத்தகம் எரிந்த பிறகு அந்தக் கணவன் சாப்பிட உட்காருகிறான். முதல் கவளத்தை எடுத்துவிட்டு, வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை அதை நான் பார்க்கவில்லை. அருளப்பனின் மனுவில் அது இல்லை.

ஜூலை 14, திங்கள்

ஆறு பேர்தான் வந்தார்கள். "பத்துப் பேர் இருந்தாத்தான் ஓட்டுவோம் பெருசு. வியாழக்கிழமையோட எடுத்துருவாங்க, வெள்ளி ஹீரோ படம்" என்று டிக்கெட் கிழிப்பவர் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மனு கொடுக்காமலே படம் நின்றுவிடும். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

தியேட்டருக்குப் போனதை இசக்கியிடம் சொல்லிவிட்டேன். படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கப் போகிறார்கள் என்றதும், "விடுங்கப்பா, நல்லதாப் போச்சு" என்றாள்.

யாருக்கு நல்லது?

ஜூலை 15, செவ்வாய்

அது புத்தகம் இல்லை. வாரப் பத்திரிகை.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அன்று டிப்போவில் சூப்பர்வைசர் ஒரு சீட்டைக் கொடுத்து வாசி என்றான். தெரிந்தேதான் கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் இவள் மடியில் பத்திரிகை. "படந்தான் பாத்தேன்" என்றாள். படம்தான் பார்த்திருப்பாள் என்று நானும் இருந்துவிட்டேன்.

அன்று சோறு வெந்தது அந்தத் தீயில்தானா என்று எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டில் அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம். நான் பெனிட்டாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

மனுவின் இரண்டாம் பக்கம் முடிந்தது. எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறார்.

வகுப்பில் டீச்சரிடம் சொன்னேன். "டீச்சர், நான் அந்தப் படத்த இன்னொரு தடவ பாக்கணும். மனுவுல ரெண்டு விஷயம் சரி பாக்கணும். நாளையோட எடுத்துருதாங்க. பத்துப் பேர் இல்லாம ஓட்டமாட்டாங்க."

டீச்சர் எண்ணினார். வகுப்பில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர்.

"நானும் வந்தா பத்து" என்றார்.

கீரை விற்கும் வெள்ளையம்மா, "தியேட்டர்ல எழுத்து வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். "அப்பம் நான் வாரேன்."

ஜூலை 17, வியாழன்

இன்று நடந்ததை எழுத மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எழுத்து இன்னும் கோணலாக இருந்தால் அதனால்தான்.

ஒன்பது கிழடுகளும் டீச்சரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எழுத்து வந்ததும் எல்லாரும் சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கு மனசுக்குள் வாசிக்க இன்னும் வரவில்லை. "ம... டி... த்... த..." என்று ஒன்பது தொண்டை. டிக்கெட் கிழிப்பவர் டார்ச் அடித்து, "இதென்ன ஒண்ணாங்கிளாஸா?" என்றார். "ஆமா" என்றார் வெள்ளையம்மா. இந்தத் தடவை "தாள்" வரைக்கும் வாசித்துவிட்டோம்.

அப்புறம் அந்தப் பெண் சீரகப் பொட்டலத்தைப் பிரித்தாள். தாளை நீவினாள். உதடு அசைந்தது.

"ஏ, அந்தப் புள்ள வாசிக்குது" என்றார் வெள்ளையம்மா.

"இல்லத்தா. சாமி பேரு சொல்லுது" என்றேன்.

"சாமி பேருக்கு எதுக்குய்யா தாளு? கண்ணப் பாரும். ஓரத்துல ஆரம்பிச்சு ஓடுது, முடிஞ்சதும் திரும்பி வருது. நம்ம வாயும் இப்படித்தான அசையுது."

திரும்பி வரிசையைப் பார்த்தேன். திரையில் அந்தத் தாள் பெரிதாகத் தெரிந்தது. ஏதோ பழைய செய்தி. அதை வாசித்துக்கொண்டு எட்டு வாய்கள் மெதுவாக அசைந்தன. என் உதட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். அதுவும் அசைந்துகொண்டிருந்தது.

நாற்பத்தாறு வருஷம். கடைச் சாமான் வந்தால் அவளே பிரிப்பாள், என்னை விடமாட்டாள். தாளை எல்லாம் நீவி அடுக்கி வைப்பாள். எடைக்குப் போடத்தான் என்று நினைத்தேன். ஒரு தடவைகூட எடைக்குப் போட்டதில்லை. நான் செருப்பைக் கழற்றும்போது வேண்டுமென்றே சத்தம் வரக் கழற்றுவேன், சாமி கும்பிடுகிறவளைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்று. அந்தச் சத்தத்தில்தான் மடித்து வைத்திருக்கிறாள்.

சோறு கொதித்தது. நான் கையால் முகத்தை மூடிக்கொண்டேன். வெள்ளையம்மா என் பக்கம் திரும்பவில்லை. டீச்சரும் திரும்பவில்லை. அது பெரிய மரியாதை.

கடைசிக் காட்சியில் அவன் வாசலில், அவள் உள்ளே. இதுவா முடிவு என்று அன்று கேட்டிருந்தேன். இதுதான் முடிவு. ஒரு சுவர்தான் நடுவில். அவன் எழுந்து உள்ளே போயிருக்கலாம்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் இசக்கி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்கம்மாவுக்கு வாசிக்கத் தெரியுமா?"

அடுப்பை அணைத்தாள். கல்லில் தோசை பாதியில் நின்றது.

"அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்காகப்பா."

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"ஸ்கூல்ல குடுக்குத ரேங்க் கார்ட அம்மாதான் பாப்பாக. மார்க்கு கொறஞ்சிருந்தா அம்மாகிட்டதான் அடி வாங்குவேன். அதுக்கப்புறம் ஒங்ககிட்ட கைநாட்டு வாங்கிட்டு வரச் சொல்லுவாக."

பேச்சிமுத்துவை வரச் சொன்னேன். வந்து நிலைப்படியிலேயே நின்றுகொண்டான். "அத்தான், அக்கா சத்தியம் வாங்கிட்டா. எனக்கு வாசிக்கத் தெரியும்னு அவுகளுக்குத் தெரிஞ்சா டிப்போவுல ஒரு தடவ குனிஞ்ச தல, வீட்டுலயும் குனியணும்லன்னு சொன்னா. நான் என்ன செய்ய?"

"நாப்பத்தஞ்சு வருஷமாடா?"

"நீங்க எப்பம் கேட்டீக?"



இசக்கி பரணிலிருந்து ஒரு டின்னை இறக்கினாள். லேபிள் பசை வரும் டின். உள்ளே அடுக்கடுக்காகத் தாள்கள். மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, பாதிப் பாதியாகக் கிழிந்த கதைகள். எல்லாவற்றுக்கும் மேலே சினிமாக்காரர்களின் தாள். வீட்டை எழுதி வாங்கிவிட்டார்களோ என்று இரண்டு வருஷமாக நான் சந்தேகப்பட்ட தாள். அதற்காக ஆறு மாதம் படித்தேன். பிரித்துப் பார்த்தால் முழுக்க இங்கிலீஷ்.

சிரிப்பு வந்துவிட்டது. இசக்கி வாசித்துச் சொன்னாள். வீட்டில் படம் எடுக்கச் சம்மதம், அவ்வளவுதான்.

கீழே என் கட்டைவிரல் மை. அதற்குக் கீழே, சாட்சி போடும் இடம் என்று இசக்கி காட்டிய இடத்தில், நீல மையில் தமிழ். அதை நானே வாசித்தேன். அ. சண்முகக்கனி.

வரிசை தவறாத எழுத்து. கோட்டிலேயே உட்கார்ந்திருந்தது. நான் கைநாட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் போட்டிருக்கிறாள். முன்னால் இருக்கும் "அ" என்னுடையது. டீச்சர் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த எழுத்து.

"ஒண்ணு சொல்லணும்ப்பா" என்றாள் இசக்கி. "அந்த அடுப்பு சீன எடுத்துறச் சொல்லி அம்மா பெனிட்டா அக்காகிட்ட கேட்டாக. நீங்க பாத்தா சங்கடப்படுவீகன்னு. அந்தக்கா எடுக்கல. அம்மா செத்தப்பறம் போன் பண்ணி அழுதாக."

அதில் பெனிட்டா செய்தது தப்புத்தான். நேரில் பார்த்தால் சொல்லுவேன். ஆனால் அந்த இடத்தை வெட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து ஒன்றை அழிக்க எனக்குத் தெரியவில்லை.

அருளப்பனின் மனுவைக் கையெழுத்துப் போடாமல் நான்காக மடித்து டின்னுக்குள் வைத்தேன். அவளுக்கு வாசிக்க இன்னும் ஒரு தாள்.

ஜூலை 19, சனி

பஸ் ஸ்டாண்டில் பச்சை ஜன்னல் மேல் ஹீரோவை முழுசாக ஒட்டிவிட்டார்கள். ஏழு நாளில் ஆறு நாள் ஓடிய படம். பார்த்தவர்கள் எத்தனை பேரோ. வெள்ளையம்மா கீரை விற்கும் தெருவெல்லாம் அதன் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறாராம். முடிவை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாராம்.

டீச்சர் நோட்டைக் கேட்டார். இந்த வாரம் காட்டமாட்டேன் என்றேன். இது வேறு ஒருத்திக்கு எழுதியது.

சண்முகக்கனி, நீ போன பிறகு உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருக்கும். எழுதினால் யார் உனக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று விட்டுவிடுவேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் பார். அடுத்த சனிக்கிழமை காப்பி குடித்ததும் உட்கார்ந்துவிடுவேன், அந்தப் பத்திரிகையைப் பற்றி எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது. என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீ நிதானமாக, உதட்டை அசைத்தே வாசி. செருப்புச் சத்தம் கேட்டாலும் மடிக்காதே.

அய்யாத்துரை